அயனி மண்டலம் மூணு மாடி வீடா?

அயனி மண்டலம்னு தேடினா முதலில் வரும் படம் எல்லாருக்கும் பழக்கம். கீழே டி, நடுவில் ஈ, மேலே எஃப். ராத்திரியில் டி மறையும், ஈ மெலியும், எஃப் மிஞ்சும் என்று ஒரு குறிப்பு வேறு. படம் தப்பில்லை. ஆனா மாடிகளுக்கு நடுவே ஓடும் ஒயரிங்கை அது காட்டுவதே இல்லை.

ஜப்பான் வானில் கோடை இரவுகளில், சுமார் 250 கி.மீ. உயரத்து எஃப் அடுக்கில், பட்டை பட்டையாக அலைகள் தென்மேற்கே நகரும். ஜிபிஎஸ் சிக்னலையும் இவை குழப்பும். 1973-ல் பெர்கின்ஸ் சொன்ன விளக்கம் இது: புவியீர்ப்பில் கீழே இறங்காதபடி எஃப் அடுக்கை மின்புலமும் காற்றும் தாங்குகின்றன; அந்தச் சமநிலை உறுதியற்றது; சின்ன நெளிவும் பெரிதாகும். பட்டைகள் ஏன் வடமேற்கு–தென்கிழக்காகச் சாய்கின்றன என்பதற்கு இதில் நல்ல பதில் இருக்கிறது. இடிப்பது வேகம்தான். நாம் பார்க்கும் அளவுக்கு வளர அது மட்டும் போதாது.

மிச்சம் கீழ்மாடியில் இருக்கு. சுமார் 100 கி.மீ. உயரத்தில், எரிகற்கள் விட்டுப்போன இரும்பு, மக்னீசிய அயனிகளைக் காற்று மெல்லிய தகடாகத் திரட்டும். இதுதான் ஸ்பொராடிக் ஈ. உலோக அயனி சீக்கிரம் அழியாது, அதனால் ராத்திரியிலும் நிற்கும். இந்தத் தகடு நெளியும்போது பிறக்கும் மின்புலம், காந்தக் கோடு வழியே மேலேறி எஃப் அடுக்கை அசைக்கும். எஃப்பும் பதிலுக்குக் கீழே அனுப்பும். 2004-ல் காஸ்குரோவும் சுனோடாவும் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தார்கள். சேர்ந்து வளரும்போது வேகம் கூடியது.

அதே ஆண்டு ஒட்சுகா குழு வெளியிட்ட படங்களைப் பாருங்க. ஜப்பானின் சாட்டா, ஆஸ்திரேலியாவின் டார்வின் இரண்டும் ஏறக்குறைய ஒரே காந்தக் கோட்டின் இரு முனைகள். இரண்டு வானிலும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளிர்வில், ஒரே நேரத்தில், கண்ணாடி பிம்பம் போல ஒரே பட்டைகள். காற்றலையால் மட்டும் இது நடக்காது. மின்புலம் கோடு வழியே ஓடினால்தான் நடக்கும்.

ஆனா இதை வைத்து ஈ–எஃப் கதை முழுக்க நிரூபணம் ஆயிடுச்சுன்னு எழுதுவது அவசரம். ஒயர் இருப்பதற்கு இந்தப் படங்கள் சாட்சி. ஸ்விட்சை முதலில் போட்டது ஈயா, எஃப்பா என்பதற்கு அல்ல. இணைந்த கணக்கும் நெளிவு சின்னதாக இருக்கும்வரைதான் செல்லும்.

லேயர் லேயராக சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு இது புதுசில்லை. பிரச்சினை எப்பவும் இரண்டு லேயருக்கு நடுவில்தான் இருக்கும். பாடப்புத்தகப் படம் போடுகிறவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான்: மூணு மாடியையும் குறுக்கே வெட்டும் சாய்வான காந்தக் கோடுகள் நாலைந்து போடுங்கள். அது இருந்தாலே ராத்திரி ஈயை யாரும் காலி வீடுன்னு நினைக்க மாட்டார்கள்.