யூதக் கல்வி மரபின் பள்ளிகளும் அளவுகோல்களும்

யூத சமயத்தில் மறைநூலைக் கற்பது வழிபாட்டுக்கு நிகரான கடமையாதலால், கல்விக்கூடங்களைக் காப்பது ஊரார் அனைவரின் பொறுப்பாயிற்று. முதல் நூற்றாண்டின் தலைமைக் குருவான யோசுவா பென் கம்லா, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கென ஊர்தோறும் ஆசிரியர்களை அமர்த்தினார் எனத் தல்மூத் கூறுகிறது. வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவையும், அதன்மேல் பல தலைமுறை அறிஞர்கள் நிகழ்த்திய விவாதங்களையும் கொண்ட பெருநூலே தல்மூத். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 பேராயின் ஊரார் செலவில் ஒரு துணையாசிரியர், 50 பேராயின் இரண்டு ஆசிரியர்கள் என்று அந்நூல் விதித்த அளவு, இன்றும் பல பள்ளிகளுக்கு எட்டாததாகவே உள்ளது.

பெரியவர்களும் விடப்படவில்லை. பாபிலோனியாவின் சூரா, பும்பெதிதா கல்விக்கூடங்களில் ஆண்டுக்கு இரு மாதங்கள் வெளியூரார் திரண்டு, குறித்த ஒரு பகுதியைக் கூடிக் கற்றனர். 1803-இல் இன்றைய பெலாரூஸிலுள்ள வொலோஷினில் ரப்பி (யூதச் சமய ஆசான்) ஹாயிம் தொடங்கிய யெஷிவா, அதாவது தல்மூத் உயர்கல்விக்கூடம், ஓர் ஊரின் ஆதரவை மட்டும் நம்பாமல் பல பகுதிகளிலிருந்து நிதி திரட்டிப் பின்வந்தவற்றுக்கு முன்மாதிரியானது.

யெஷிவாக்களில் இருவர் எதிரெதிரே அமர்ந்து, பாடத்தை உரக்கப் படித்து, ஒருவரையொருவர் மறுத்துக் கற்கும் முறைக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். நண்பன் எழுப்பும் தடைக்கு விடை கூறும் திறனே இங்குத் தேர்ச்சி. ஹில்லேல், ஷம்மாய் ஆகிய இரு பழைய பள்ளிகளுள் நடைமுறை பெரும்பாலும் ஹில்லேல் வழியையே பின்பற்றினும், ஷம்மாய் தரப்பின் கருத்துகளும் சிதையாமல் காக்கப்பட்டுள்ளன. ஹில்லேல் பள்ளியினர் எதிர்த்தரப்பின் கருத்தையும் கற்பித்தனர், அதுவும் தம்முடையதற்கு முன்னரே கூறினர் என்பதே அவர்களுக்குக் கிடைத்த முதன்மைக்குத் தல்மூத் காட்டும் காரணம். இம்மரபு வகுத்த அளவுகோல்களுள் இதுவே உயர்ந்தது எனலாம்.

இத்தகைய மரபு பெண்களுக்கு முறையான பள்ளிகளை நெடுங்காலம் அமைக்காதிருந்தது பெருங்குறையே. தையல் தொழில் செய்த சாரா ஷெனிரெர் 1917-இல் கிராக்கோவில் பெண்களுக்கெனப் பேய்ஸ் யாக்கோவ் பள்ளியைத் தொடங்கினார்.

1923-இல் வியன்னா மாநாட்டில் ரப்பி மெயிர் ஷபீரோ, நாளொன்றுக்குத் தல்மூதின் ஓர் ஏடு என உலகெங்கும் ஒரே பகுதியைக் கற்கும் திட்டத்தை முன்வைத்தார். அதன்படி 2,711 ஏடுகளை முடிக்க ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகின்றன. மரபை விட்டு விலகிய பெரியவர்களுக்கென ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் 1920-இல் நிறுவிய கல்வி இல்லத்தில், ஆசிரியர்களும் கற்போராகவே அமர்ந்தனர். நாஜி ஆட்சி யூதர்களைப் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கத் தொடங்கிய 1933-இல், தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் அவ்வில்லத்தை மீண்டும் திறந்தார்; 1938-இல் நாட்டை விட்டு வெளியேறும் வரை முதியோர் கல்விப் பணியையும் ஆசிரியர் பயிற்சியையும் அவர் நடத்திவந்தார்.