மூடியைத் தூக்கினால் சூடு இறங்குமா?

முன்பக்கம் எஞ்சின் உள்ள காருக்கு எதிர்க்காற்று முகத்திலேயே அடிக்கும். 1989இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 டர்போ காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது, ரேடியேட்டரோ மூக்கில். அதனால் தண்ணீர்ச் சூடு காட்டும் முள் சமர்த்தாக நடுவில் நிற்கும்போதே, டர்போவைச் சுற்றியுள்ள ரப்பர் குழாயும் வயர் உறையும் வெந்துகொண்டிருக்கலாம்.

இதற்கு ஆர்வலர்களின் கைவைத்தியம் ஒன்று உண்டு. எஞ்சின் மூடியின் கீலுக்கடியில் நாலைந்து வாஷர்களைக் கொடுத்து, மூடியை விரற்கடை தூக்கிவிடுவது. செலவு சொற்பம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். கார் நிற்கும்போது இது பலிக்கவும் செய்கிறது. எஞ்சினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்று, உலோகத்தில் தேங்கிய சூடு அறையை நிறைக்கும். அப்போது மேலே ஒரு வழி இருந்தால் வெப்பக்காற்று தானாகவே எழுந்து போய்விடும்.

ஓடும்போது கதை வேறு. அங்கே காற்றை நடத்துவது சூடு அல்ல, அழுத்தம். கூரையைத் தாண்டி வரும் காற்று பின்கண்ணாடிக்குக் கீழே சுழல்கிறது. மூடிக்கடியில் உண்டான இடுக்கு காற்றை வெளியேற்றுகிறதா, உள்ளே இழுக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. பக்கவாட்டு வாய் வழியே வரும் குளிர்காற்று எஞ்சினைத் தொடாமலே இடுக்கு வழியே ஓடிவிட்டால், திறந்து வைத்ததே வீண். மழை நாளில் சொட்டும் தண்ணீர் தனிக்கணக்கு.

‘பவர் கூடும்’ என்ற பேச்சையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 30 டிகிரிக் காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறையும், உண்மைதான். ஆனால் உடற்பக்கத்து வாய் வழியே வெளிக்காற்றை உறிஞ்சும் எஞ்சினுக்கு அந்த 9 சதவீதமும் மூடியால் திரும்பி வராது.

இன்னொன்று, தகிக்கும் டர்போ காற்றை மட்டும் சுடவைப்பதில்லை, கதிர்வீச்சாலும் சுடுகிறது. இடுக்கு அதைத் தடுக்காது, வெப்பத் தடுப்புத் தகடுதான் தடுக்கும். மெக்லாரன் எஃப்1 எஞ்சின் அறையில் தங்கத்தாள் ஒட்டியது ஆடம்பரத்துக்காக அல்ல, அது வெப்பத்தைத் திருப்பியடிக்கும் என்பதற்காக. தகட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. 2010இல் ஃபெராரி 458 இத்தாலியாவில், சக்கர வளைவிலிருந்த வெப்பத் தடுப்பை ஒட்டிய பசையே கார்கள் தீப்பிடிக்கக் காரணமானதால், அவற்றைத் திரும்ப அழைத்துப் பசைக்குப் பதில் ஆணிகளால் பொருத்தினார்கள்.

ஆக, வாஷர் வைத்தியம் பொய்யல்ல, பாதி மருந்து. நின்ற காருக்கு உதவும், ஓடும் காருக்கு உத்தரவாதம் இல்லை. முதலில் தகடு, பிறகு காற்று போகும் வழி, அதன் பிறகே காற்றைத் தள்ள ஃபேன் என்பதுதான் சரியான வரிசை. மூடியைத் தூக்கியே தீருவேன் என்பவர் விரல் நீளக் கம்பளி நூல்களை இடுக்கின் ஓரமாக ஒட்டி, சிறு கேமரா ஒன்றைப் பொருத்தி ஓட்டிப் பார்க்கட்டும். நூல் உள்ளே மடிந்தால், சூடு போகும் என்று திறந்த வாசலில் காற்று நுழைந்துகொண்டிருக்கிறது.