தேள் கொட்டும் தேறல்: சங்கக் கள்ளில் கேஸ் இருந்ததா?

புறநானூற்றின் 392ஆம் பாட்டு ஔவையார் பாடியது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியின் வாசலில் போய் நிற்கிறார். அவன் அவருடைய கந்தல் துணியை மாற்றி நல்ல துணி உடுத்தக் கொடுக்கிறான், பிறகு பொன் பாத்திரத்தில் நாள்பட்ட தேறலை ஊற்றித் தருகிறான். அந்தத் தேறல் எப்படி இருந்ததாம்? தேள் கொட்டியது மாதிரி இருந்ததாம். அதே பாட்டு முடியும்போது, கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவனின் வழிவந்தவன் என்று எழினியைப் புகழ்கிறது.

எங்க ஊர் பாலக்கோடு. தகடூர் நாட்டுக்குள் வரும் ஊர். ஊரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அதனால் கரும்பு வரியை எங்க பக்கத்து ஆட்கள் மேடையில் அடிக்கடி சொல்வார்கள். தேள் வரியை யாரும் சொல்வதில்லை. சொன்னாலும், "நல்ல போதை ஏறும் கள்" என்று ஒரே வார்த்தையில் தாண்டிப்போய்விடுவார்கள். உரைகளும் பெரும்பாலும் அப்படித்தான்: கடுமை, வேகம், களிப்பு. பிரச்சினை இந்த வாசிப்பில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தேள் கொட்டினால் என்ன ஆகும்? பட்ட இடத்தில், பட்ட நொடியில், சுருக்கென்று இருக்கும். அப்புறம் கடுக்கும். போதை அப்படி வருவதில்லை. குடித்துக் கால் மணி, அரை மணி நேரம் கழித்து மெல்ல ஏறும், தலையில் ஏறும். மெதுவாக வருகிற ஒன்றுக்கு ஔவையார் ஏன் உடனடியாகத் தைக்கும் ஒன்றை உவமையாகச் சொல்ல வேண்டும்? சங்கப் புலவர்களின் உவமை பொதுவாகப் புலனுக்கு நெருக்கமானது. அதே பாட்டில் ஔவையாரின் கந்தல், நீரில் கிடக்கும் பாசியின் வேர் மாதிரி இருந்தது என்று வருகிறது. அவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறவர், அடுத்த சில வரிகளிலேயே பொத்தாம்பொதுவாக "ஸ்ட்ராங்" என்று சொல்லியிருப்பாரா? தேள் நாக்கில்தான் கொட்டியிருக்க வேண்டும். தலையில் இல்லை.

சரி, நாக்கில் கொட்டுவது எது? நம் ஊரில் கோலி சோடா குடித்தவர்களுக்கு இது தெரியும். "சோடா நல்லா காரமா இருக்கு" என்போம். அதில் மிளகாயும் இல்லை, மிளகும் இல்லை. கரியமில வாயு மட்டும்தான். குமிழ் உடைந்து நாக்கைக் குத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது கதையில் சிறு பகுதிதான். 2009ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, நாக்கில் புளிப்பை உணரும் செல்களின் மேல் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இருப்பதையும், அது கரியமில வாயுவை அமிலமாக மாற்றுவதால்தான் அந்தச் சுவை தெரிகிறது என்பதையும் காட்டியது. இது போக வாயில் வலியை உணரும் நரம்புகளும் தூண்டப்படுகின்றன. இதற்கு வேடிக்கையான சாட்சி மலையேறிகள். உயரத்தில் வரும் தலைவலி, மயக்கத்துக்காக அசெட்டசோலமைடு மாத்திரை போட்டுக்கொள்கிறவர்களுக்கு பீர் சப்பென்று ஆகிவிடும். அந்த மாத்திரை அதே நொதியைத்தான் தடுக்கிறது. குமிழ் எல்லாம் இருக்கும், கொட்டு மட்டும் இருக்காது.

ஆக, நொதித்த பானம் நாக்கைக் கொட்ட ஒரு நல்ல வழி, அதில் கேஸ் தங்கியிருப்பது. அடுத்த கேள்வி, சங்க காலத்தில் கேஸ் தங்க வழி இருந்ததா?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஈஸ்ட் ஒரு கிராம் சர்க்கரையைத் தின்றால் கிட்டத்தட்ட அரை கிராம் ஆல்கஹாலும் அரை கிராம் கரியமில வாயுவும் வரும். திறந்த பானையில் வாயு பறந்துவிடும். 25 டிகிரி சூட்டில் திறந்து கிடக்கும் பானத்தில் லிட்டருக்கு சுமார் ஒன்றரை கிராம்தான் தங்கும். கடையில் விற்கும் பீரில் இருப்பது சுமார் 5 கிராம். இந்த இடைவெளியை நிரப்ப ரெண்டு வழி. ஒன்று, நொதித்து முடிந்த பீரில் லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலை இறுக மூடிவிடுவது. மிச்ச வேலையை ஈஸ்ட் செய்யும். இன்னொன்று கெக். 19 லிட்டர் பிடிக்கும் எஃகு உருளை. முன்பு குளிர்பானக் கம்பெனிகள் சிரப் அனுப்பப் பயன்படுத்தியது. அதில் பீரை ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து, சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் வழியாகக் கேஸ் கொடுப்பார்கள். 4 டிகிரி குளிரில் 12 பிஎஸ்ஐ போதும். ஒரு வாரத்தில் தயார்.

குளிர் இல்லாவிட்டால் கதை மாறும். 30 டிகிரியில் அதே அளவு கேஸைப் பிடித்துவைக்க 35 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டும். கார் டயரில் இருப்பதைவிட அதிகம். சுட்ட மண்பானை நுண்துளை உள்ளது, வாயில் துணியோ மண்ணோ பூசி அடைப்பார்கள். அது இந்த அழுத்தத்தைத் தாங்காது. பானைக் கள் சப்பையாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது பாட்டுகளைப் பாத்திரத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். என் வாதம் இங்கேதான் நிற்கிறது.

முதலில் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் அரிசிக் கள் செய்முறை ஒன்று கிட்டத்தட்ட ரெசிபி மாதிரியே வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, நல்லடையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு விட்டு, சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். நல்லடைக்கு நெல்முளை என்று பொருள் சொல்வது வழக்கம். அதாவது மால்ட். நாகாலாந்தின் ஸுதோ இன்றும் முளைவிட்ட அரிசியை வைத்துத்தான் செய்யப்படுகிறது. அந்த அடையின் மேற்புறம் புற்றுக்குள் இருக்கும் கரையான் கூட்டை மாதிரி இருந்தது என்ற உவமையும் உண்டு. முளையின் வேர்கள் பின்னிக் கிடப்பதை நேரில் பார்த்தவரின் உவமை அது.

இந்தக் கள்ளில் கேஸ் இருந்திருக்க முடியாது. விரலால் அலைத்து வடிகட்டும்போதே போய்விடும். புலவர் என்ன சொல்கிறார்? இது மணமுள்ள பிழிவு என்கிறார். தேளும் இல்லை, பாம்பும் இல்லை.

அடுத்து அகநானூறு 348. குறவர்களின் மலைக் கள். மாம்பழம், பலாச்சுளை, தேன் மூன்றையும் கலந்து, நீண்ட கணுவுள்ள மூங்கில் குழாயில் முதிரவிடுகிறார்கள். இந்தக் கள்ளுக்கு உவமை பாம்பின் கடுப்பு! மூடிய பாத்திரம் வந்ததும் கடிக்கிற உயிரினம் வந்துவிடுகிறது. மூங்கிலில் விளைந்த தேன்கள் திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாமிலும் உண்டு. அதனால் இது ஒரு புலவரின் கற்பனை அல்ல, மலைநாட்டின் வழக்கமான முறை.

மூங்கில் தாங்குமா? எஞ்சினியர் என்பதால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. உள் ஆரம் 3 செ.மீ., சுவர் 1 செ.மீ. என்று வைப்போம். பீருக்கு வேண்டிய முழு அழுத்தம் கொடுத்தாலும் சுவரில் வரும் இழுவிசை ஒரு மெகாபாஸ்கலைத் தொடாது. பச்சை மூங்கில் நாருக்குக் குறுக்கே இழுத்தால் எளிதில் பிளக்கும்தான், ஆனாலும் சில மெகாபாஸ்கல் தாங்கும். கீழே கணு இயற்கையாகவே அடைத்திருக்கிறது. பலவீனமான இடம் மேலே இருக்கும் அடைப்பான் மட்டும்தான்.

அந்தப் பலவீனமே நல்லதுக்கு என்பேன். மாம்பழச் சாற்றில் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். அத்தனையும் இறுக மூடிய குழாய்க்குள் நொதித்தால் எந்த மூங்கிலும் வெடிக்கும். இலையும் மண்ணும் வைத்த அடைப்பான் அளவுக்கு மேல் போனால் கசியும். பிரஷர் குக்கர் விசில் செய்கிற வேலை. இன்றைய கெக்கிலும் இதற்கென்று ஒரு வால்வு மாட்டுகிறார்கள். குக்கர் விசிலின் 15 பிஎஸ்ஐ அளவுக்கு அந்த அடைப்பான் தாக்குப்பிடித்தாலே, 25 டிகிரியில் லிட்டருக்கு 3 கிராம் கேஸ் தங்கும். பானைக் கள்ளைப் போல இரண்டு மடங்கு. பீர் அளவுக்கு இல்லை, ஆனால் நாக்கில் சுருக்கென்று தெரியும்.

புறநானூறு 120ல் கபிலர் இன்னொரு வழியைக் காட்டுகிறார். நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறல். மண்ணுக்குள் சூடு குறைவு, நாலு பக்கமும் மண் அணைத்துப் பிடிக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத நாட்டில் ஃப்ரிட்ஜுக்கு அடுத்தது அதுதான்.

மறுப்புகள் இருக்கின்றன. நாள்பட்டால் ஆல்கஹால் ஏறும், ஆல்கஹாலும் வாயை எரிக்கும். நாள்பட்ட கள் புளிக்கும், புளிப்பும் கடுக்கும். ரெண்டும் நியாயமானவை. ஆனால் ஆல்கஹாலின் எரிச்சல் சூடு மாதிரி, தொண்டையில் இறங்கும். புளிப்பு பல்லைக் கூசவைக்கும். தேள் மாதிரி ஒரு புள்ளியில் தைப்பது ரெண்டும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் கொடுக்கும் தேறலுக்குச் சீறும் பாம்பு உவமையாகிறது. அங்கே பாத்திரம் என்னவென்று சொல்லப்படவில்லை. பாம்பு சீறுவதைப் பாட்டில் திறக்கும் "உஸ்" சத்தத்தோடு சேர்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாம்பின் கோபத்துக்குப் படமெடுப்பதும் உண்டு, தலைக்கேறுவதும் உண்டு. அந்தப் பாட்டை என் கட்சியில் சேர்க்க மாட்டேன். என் மதிப்பீடு: அகம் 348 வலுவான சாட்சி, புறம் 392 பாதி சாட்சி, சிறுபாண் சாட்சி அல்ல. பெரும்பாண் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து உதவும் சாட்சி.

இதையெல்லாம் வைத்து "தமிழன் அன்றே பீர் கண்டுபிடித்தான்" என்று யாரும் ஃபார்வர்டு அனுப்பிவிட வேண்டாம். முளைத்த தானியத்தில் பானம் செய்வது மெசபடோமியாவிலும் எகிப்திலும் சங்க காலத்துக்கு மிகப் பழையது. பெருமை பேசும் அந்த வாசிப்பும், "போதை" என்று தாண்டிப்போகும் வாசிப்பும் ஒரே வகை. ரெண்டுமே பாட்டில் என்ன பாத்திரம், எத்தனை நாள், எப்படி வடித்தார்கள் என்று பார்ப்பதில்லை.

ஏன் பார்ப்பதில்லை? இதற்கு எங்க பகுதியின் வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில். 1937 அக்டோபர் 1, ராஜாஜி அரசு. தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல்தான். அதனால் பாலக்கோடும் அந்த முதல் வட்டத்துக்குள் இருந்தது. நடுவில் சில வருஷம் கள்ளுக்கடை திறந்து, 1987 முதல் கள்ளுக்கு மறுபடி தடை. பாட்டில் சரக்கை அரசே விற்கிறது, கள் இறக்கினால் வழக்கு. குடியால் அழிந்த குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். மதுவிலக்கு கேட்டவர்களின் நியாயத்தை இந்தக் கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் விலை ஒன்று கொடுத்திருக்கிறோம். கள்ளின் வகை, வயது, பாத்திரம் பற்றிய நாக்கறிவு மூன்று தலைமுறையாக அறுந்துபோயிருக்கிறது. உரையாசிரியருக்கு ஒருவேளை தெரிந்திருந்து எழுதாமல் விட்டதை, நாம் தெரியாமலேயே விடுகிறோம். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய 235ஆம் பாட்டில், கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று முதலில் வருவதே கள்தான். அதைப் பள்ளியில் கூச்சத்தோடு கடந்துபோகும் நமக்கு, 392ல் தேள் எங்கே கொட்டுகிறது என்று கேட்கத் தோன்றாதது ஆச்சரியமில்லை.

தமிழ்நாட்டில் வீட்டில் கள் காய்ச்சிச் சோதிப்பது சட்டப்படி குற்றம். அதனால் அந்த வழி வேண்டாம். ஆனால் பாதிச் சோதனைக்குக் கள்ளே தேவையில்லை. பச்சை மூங்கில் கணு ஒன்றில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி, சைக்கிள் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தி, வாயை இலையும் களிமண்ணும் வைத்து அடைத்து, பம்பால் காற்றடித்து, எத்தனை பிஎஸ்ஐயில் கசிகிறது என்று அளக்கலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று செய்யவும். 15ஐத் தாண்டினால் குறவர் கள்ளில் கேஸ் இருந்தது என்ற என் வாதம் நிற்கும். ஐந்திலேயே கசிந்தால், 348ல் வரும் பாம்புக்கு வேறு விளக்கம் தேட வேண்டும். செய்து பார்ப்பவர்கள் மூங்கிலின் விட்டத்தையும் சுவர் கனத்தையும் குறித்துவைத்து எனக்குச் சொல்லுங்கள்.