உரை பெறாத நூற்பா

பார்வையற்றோர்க்குக் கணினித் திரையைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளை, பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கினார். இன்ன விசைக்கு இன்ன பணி என விதிக்கும் சிறு நிரல்களைப் பைதான் மொழியில் எழுதி எவரும் அதனோடு சேர்க்கலாம். இவற்றை நூற்பாக்களாகக் கொண்டு நோக்கின் ஒரு குறை புலப்படும்.

அழுத்திய விசை பணி செய்யவில்லையெனின், பெரும்பாலும் பழுது விசையில் அன்று. ஒரே விசைக்கு இரு விதிகள் அமைந்திருக்கும். சேர்த்த நிரலின் விதி மென்பொருளின் சொந்த விதியை மறைத்துவிடும். சிறப்புவிதி பொதுவிதியை விலக்குதல் தமிழாசிரியர்க்குப் புதிதன்று. வென்றது எது என அறிய வழியுண்டு. இன்சர்ட் விசையுடன் 1-ஐ அழுத்தி, பின் ஐயத்துக்குரிய விசையைத் தொட்டால், பணி நிகழாமல் அதன் விளக்கம் மட்டும் ஒலிக்கும். மீண்டும் இன்சர்ட்டுடன் 1-ஐ அழுத்த இந்நிலை நீங்கும்.

ஆனால் ஒலிப்பது நிரலாசிரியர் எழுதிவைத்த விளக்கவரியே. அதை எழுதாது விட்டாரெனின் விசையின் பெயரன்றி வேறொன்றும் கேளாது. விசைகளை மாற்றியமைக்கும் பட்டியலிலும் அப்பணி தோன்றாது. நிரல் கற்றவர் மூலத்தைத் திறந்து காண்பார். கம்போங் ராஜாவின் தேயிலைத் தோட்டத்துப் பார்வையற்ற மாணவன் யாரைக் கேட்பான்? உரையின்றிச் சூத்திரம் தந்த இக்குற்றம் சிறிதன்று.

எழுதிய விளக்கமும் ஆங்கிலத்தோடு நின்றுவிடுகிறது. ஈஸ்பீக்கின் தமிழ்க் குரல் அம்மென்பொருளுடனே வருகிறது. நிரலோடு மொழிபெயர்ப்புக் கோப்பைச் சேர்க்கவும் இடமுண்டு. ‘பக்கத் தலைப்பைப் படிக்கும்’ என்ற அளவில் ஒரு வரி எழுதினாலே போதும்.