ஓர் அட்டவணையும் இரண்டு குழாய்களும்

அமெரிக்காவில் மோட்டார் உதிரிப்பொருள் கடைக்குச் சென்று, பழைய காரின் தானியங்கி கியர் பெட்டிக்கென்று ஒரு துணைக் குளிர்விப்பான் வாங்கினால், அட்டைப் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். குழாய்களை எங்கே வெட்டுவது, எதை எதோடு இணைப்பது என்று சொல்லும் தாள் அது. இம்முறை விமர்சனத்துக்கு நான் எடுத்துக்கொள்வது அந்தத் தாளைத்தான். இதெல்லாம் ஒரு நூலா என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். நூலைப் படித்துவிட்டு மறந்துவிடலாம். இந்தத் தாளைப் படிப்பவரோ கையில் ரம்பத்தோடு காரின் அடியில் படுத்திருக்கிறார். தாள் தவறினால் ஆயிரக்கணக்கான டாலர் பெறும் கியர் பெட்டி கருகிப் போகும்.

தாளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பல. சொற்களும் படங்களும் மாறும். ஆயினும் இரண்டு பகுதிகள் பெரும்பாலும் இடம்பெறும். ஒன்று, எண்ணெயின் வெப்பநிலைக்கு ஏற்பக் கியர் பெட்டியின் ஆயுளைக் காட்டும் அட்டவணை. மற்றொன்று, "எண்ணெய் முதலில் ரேடியேட்டர், பிறகு துணைக் குளிர்விப்பான்" என்ற கட்டளை. முன்னது பார்க்க விஞ்ஞானம் போல இருக்கிறது. அவ்வளவாக விஞ்ஞானம் இல்லை. பின்னது வெறும் கட்டளை போல இருக்கிறது. அதற்குள் அருமையான பௌதிகம் இருக்கிறது.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். ஓடுகின்ற மின்விசிறிக்கு எதிரே, மின் இணைப்பு இல்லாத மற்றொரு விசிறியை வையுங்கள். காற்று பட்டு இரண்டாவதும் சுழலத் தொடங்கும். ஆனால் முதல் விசிறியின் வேகத்தை எட்டாது. காற்றுக்குப் பதில் எண்ணெயை நினைத்துக்கொண்டால், இஞ்சினுக்கும் தானியங்கி கியர் பெட்டிக்கும் இடையே நடப்பது அதுதான். 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ஹைட்ரமாடிக் பெட்டியிலும் இந்தத் தத்துவமே இருந்தது. பின்னர் பரவிய டார்க் கன்வர்ட்டர் அதன் வளர்ந்த வடிவம். வேகத்தில் விழும் வித்தியாசத்தால் வீணாகும் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாகச் சேருகிறது. நம் அம்பாசடர், பியட் கார்களில் காலால் கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்றினோம். எனவே இந்தத் தொல்லை நமக்கு இல்லை. (முழங்கால் வலித்தது, அது வேறு.)

சேர்ந்த வெப்பத்தை வெளியேற்ற, ரேடியேட்டரில் தண்ணீர் குளிர்ந்து வெளியேறும் பக்கத்துத் தொட்டிக்குள் ஒரு குழாயை வைத்து, எண்ணெயை அதன் வழியே ஓட விட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ரமாடிக் 400, 350 போன்ற பெட்டிகளைக் கொண்ட 1960, 1970களின் கார்களில் இதைக் காணலாம். வயதான காரில் ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கும். அதோடு இழுவை வண்டியையும் பூட்டி மலையேறினால் எண்ணெய் கொதிநிலை நீரைவிடச் சூடாகும். காற்றால் குளிரும் துணைக் குளிர்விப்பானை வாங்குவது அதனால்தான்.

இப்போது அட்டவணை. எண்ணெய் 175 டிகிரி பாரன்ஹீட்டில் (சுமார் 79° செ.) இருந்தால் பெட்டி 1,00,000 மைல் ஓடும், 195 டிகிரியில் 50,000 மைல், 215 டிகிரியில் 25,000 மைல். அதாவது ஒவ்வொரு 20 டிகிரி பாரன்ஹீட்டுக்கும், நம் கணக்கில் 11° செல்சியஸுக்கும், ஆயுள் பாதியாகிறது. என் மாணவர் ஒருவர் இதை வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டியபோது, "ஆகா, அரீனியஸ் விதிக்கு எவ்வளவு நல்ல உதாரணம்!" என்று நான் மகிழ்ந்து கரும்பலகையில் எழுதியும் விட்டேன். மறுநாள் அதே மாணவர் எழுந்து, "சார், 55 டிகிரிக்கு எவ்வளவு வரும்?" என்றார். போட்டுப் பார்த்தேன். ஆறு முறை இரட்டிக்க வேண்டும். 64 லட்சம் மைல் வருகிறது. நிலவுக்குப் போய்த் திரும்புவதை 13 தடவை செய்யலாம்! அத்தனை குளிர்ந்த எண்ணெயில் எந்தக் கியர் பெட்டியும் ஒழுங்காக வேலை செய்யாது என்பது ஒருபுறமிருக்க, எண்ணெய் கெடாவிட்டாலும் பற்களும் கிளட்ச் தகடுகளும் தேயாமலா இருக்கும்?

1889இல் சுவீடன் நாட்டு அரீனியஸ் வேதிவினையின் வேகம் வெப்பநிலையோடு எப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு தந்தார். எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதும் வேதிவினைதான். எனவே சூடு ஏற ஏற விரைவாகக் கெடும் என்பது முற்றிலும் உண்மை. ஆனால் "11 டிகிரிக்கு இருமடங்கு" என்பது ஒரு சிறு வெப்பநிலை எல்லைக்குள் மட்டும் பொருந்தும் சுருக்கு வழி. 90° செ. அருகில் அது சரி என்று கொண்டு அரீனியஸ் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், 150° செ. அருகில் வேகம் இரட்டிக்க 15 டிகிரி வேண்டியிருக்கிறது. அட்டவணையோ மேலும் கீழும் ஒரே படிக்கட்டாக இறங்கிக்கொண்டே போகிறது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று அங்கே கண்ணெதிரே இருக்கிறது. வேதிவினைக்கு நேரம்தான் தெரியும்; மைல் தெரியாது. மணிக்கு 60 மைலில் போகும் காரின் எண்ணெய் ஒரு மைலுக்கு ஒரு நிமிடம் வேகிறது. 30 மைலில் போகும் காரின் எண்ணெய் அதே வெப்பநிலையில் இரண்டு நிமிடம் வேகிறது. இரண்டுக்கும் ஒரே மைல் கணக்கு எப்படிப் பொருந்தும்? வெப்பநிலையை எங்கே அளந்தார்கள் என்பதையும் அட்டவணை சொல்லவில்லை. கன்வர்ட்டரிலிருந்து வெளிவரும் எண்ணெய்க்கும் அடித்தட்டில் கிடக்கும் எண்ணெய்க்கும் பல டிகிரி வேறுபாடு உண்டு. எந்த எண்ணெய் என்பதும் இல்லை. 1967இல் வந்த முதல் டெக்ஸ்ரான் எண்ணெயும் 2005இல் வந்த ஆறாம் டெக்ஸ்ரானும் பெயரில் மட்டுமே உறவு. பழையதில் உராய்வைச் சீராக்கத் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள். 1970களில் அமெரிக்கா அதைத் தடை செய்த பிறகு அந்த வழி மூடியது. புதிய எண்ணெய்கள் சூட்டைக் கூடுதலாகத் தாங்குபவை. ஆக, "சூடு ஆகாது" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அந்த அட்டவணையிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது கட்டளை. ஏன் ரேடியேட்டர் முதலில்? காரணத்தைத் தாள் அநேகமாகச் சொல்வதில்லை. நாமே கணக்கிடுவோம். கீழே வரும் எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. வேறு எண்களை இட்டு நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

கோடைக்கால அரிசோனாவில் ஒரு மேடு. வெளிக்காற்று 40° செ.; ரேடியேட்டர் தொட்டி நீர் 90° செ. பெட்டியைச் சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் 30 டிகிரி சூடேறுகிறது. எண்ணெய்க்கும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தில் 0.6 பங்கை ரேடியேட்டர் குழாய் குறைக்கும்; காற்றோடு உள்ள வித்தியாசத்தில் 0.4 பங்கைத் துணைக் குளிர்விப்பான் குறைக்கும். ஏறும் 30 டிகிரியும் இறங்கும் 30 டிகிரியும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நிலைத்து நிற்கும்.

ரேடியேட்டர் மட்டும் இருந்தால் பெட்டியை விட்டு வெளிவரும் எண்ணெய் 140° செ.; பயங்கரம். தாள் சொன்னபடி ரேடியேட்டர் முதலில், துணை பிறகு என்றால் 103°. அதே இரண்டையும் இடம் மாற்றிக் காற்றை முதலில் வைத்தால் 119°. எந்தப் பொருளும் கூடவில்லை, குறையவில்லை. இரண்டு குழாய்களை மாற்றிச் செருகியதற்கு 16 டிகிரி தண்டனை!

காரணம் எளிது. மாற்றிய அமைப்பில் 119 டிகிரி எண்ணெயைக் காற்று 87 டிகிரிக்குக் கொண்டுவருகிறது. பிறகு அது 90 டிகிரி நீருக்குள் நுழைகிறது. குளிர்விக்க வந்த ரேடியேட்டர் அதைச் சூடாக்கி 89 டிகிரியாகத் திருப்பி அனுப்புகிறது. ரேடியேட்டரை அடியோடு விலக்கித் துணைக் குளிர்விப்பானை மட்டும் வைத்தால் என்ன? 115°. மாற்றிச் செருகியதைவிட ரேடியேட்டரே இல்லாதது மேல் என்று வருகிறது. இந்த நான்கு எண்களில் ஒன்றைக்கூடத் தாளில் அச்சிடாமல், அந்த அட்டவணைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருப்பதுதான் என் வருத்தம்.

ஆனால் கட்டளையும் எல்லா இடத்துக்கும் செல்லாது. மின்னசோட்டாவின் சனவரி மாதத்துக்குப் போவோம். காற்று −20° செ.; வண்டி சும்மா போகிறது; எண்ணெய் 10 டிகிரிதான் ஏறுகிறது. குளிரில் ரேடியேட்டரின் தெர்மோஸ்டாட் சற்றே திறந்திருப்பதால், வெளியேறும் பக்கத்துத் தொட்டி நீர் 40 டிகிரி என்று கொள்வோம். தாளின்படி இணைத்தால் பெட்டிக்குத் திரும்பும் எண்ணெய் 12°. மாற்றி இணைத்தால் 31°. அரிசோனாவில் குற்றவாளியாக நின்ற ரேடியேட்டர் இங்கே போர்வை போர்த்துகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் சிலர் மாற்றி இணைப்பதற்கு நியாயம் இதுதான். அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு.

மிகவும் குளிர்ந்த எண்ணெய் ஏன் ஆகாது? பாகுத்தன்மை கூடிவிடும். பல பெட்டிகளில் குளிர்விப்பானிலிருந்து திரும்பும் எண்ணெய்தான் நேராக உள்ளே தாங்கிகளுக்கு மசகாகப் போகிறது. மெல்லிய குழாய்க்குள் எண்ணெய் கெட்டிப்பட்டு நின்றால் தாங்கிகள் பட்டினி கிடக்கும். சில தாள்களில் குளிர்ப் பிரதேசத்தாருக்கு ஒரு வரி எச்சரிக்கை இருக்கிறது, காரணம் இல்லை. உண்மையில் 31 டிகிரியும் போதாது. எண்ணெய் சூடாகும் வரை துணைக் குளிர்விப்பானைச் சுற்றிக்கொண்டு போகச் செய்யும் தெர்மோஸ்டாட் வால்வு கடையில் கிடைக்கிறது. அதை இடையில் வைத்துவிட்டால் தாளின் வரிசையே கோடைக்கும் குளிருக்கும் பொருந்தும். தனியே விற்கும் பொருள் என்பதாலோ என்னவோ, தாள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ரேடியேட்டரை விலக்குவதற்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. பழைய ரேடியேட்டரின் உள்குழாய் அரித்து ஓட்டை விழுந்தால், உறைதடுப்பி கலந்த நீர் எண்ணெயோடு சேர்ந்து இளஞ்சிவப்புப் பால் போலாகிவிடும். அந்த நீர் கிளட்ச் தகடுகளின் பசையைக் கரைத்துவிடும். பெட்டி பிழைப்பது அரிது. ரேடியேட்டரின் வயது தெரியாதவர் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் துணைக் குளிர்விப்பானைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தாளின் படங்களில் ஒன்று எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. துணைக் குளிர்விப்பானை ரேடியேட்டரின் மேல் வைத்து, பிளாஸ்டிக் குச்சிகளை ரேடியேட்டர் இதழ்களின் ஊடே செருகிக் கட்டச் சொல்கிறது. பத்து நிமிட வேலை என்ற பெருமை வேறு. கார் அதிரும்போது குச்சியும் சட்டமும் உராய்ந்து உராய்ந்து ரேடியேட்டரின் குழாயையே அறுத்துவிடக்கூடும். இரண்டு தகட்டுப் பட்டைகளை வளைத்துச் சட்டத்தில் திருகினால் ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

ரப்பர் குழாயைப் பற்றி ஒரு சொல். சாதாரணப் பெட்ரோல் குழாய் இந்தச் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. டிரான்ஸ்மிஷன் எண்ணெய்க்கென்று அச்சிட்டதையே வாங்க வேண்டும். வெட்டிய எஃகுக் குழாயின் வழவழப்பான முனையில் ரப்பரைச் செருகிக் கவ்வி மட்டும் போட்டால் அழுத்தத்தில் நழுவும். முனையைச் சற்று விரித்துக் கொள்ள வேண்டும். இதைத் தாள் தெளிவாகவே சொல்கிறது, பாராட்டுகிறேன்.

கடைசியாக, இரண்டு எஃகுக் குழாய்களில் எது போவது, எது திரும்புவது? இது தெரியாவிட்டால் மேலே போட்ட கணக்கு முழுவதும் வீண். "உங்கள் காரின் கையேட்டைப் பார்க்கவும்" என்று தாள் கைகழுவுகிறது. ஐம்பது வயது காருக்குக் கையேடு யாரிடம் இருக்கும்? இரவு முழுவதும் நின்று ஆறிய காரைக் காலையில் கிளப்பி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கை பிரேக்கை இழுத்துவிட்டு, ரேடியேட்டர் அருகே இரண்டு குழாய்களையும் விசிறியில் படாமல் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். முதலில் சுடுவது பெட்டியிலிருந்து வருவது. மற்றது திரும்பிப் போவது. வெட்ட வேண்டியது அதைத்தான்.