வயோந்த்: சரளைக்கல் சொன்ன பொய்

இத்தாலியின் வயோந்த் அணையைப் பத்திப் பேசினா, "அணை நின்னுச்சு, மலைதான் சரிஞ்சுது" என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. மலை சரியும் என்பது தெரிந்தே இருந்தது. அது பழைய நிலச்சரிவு என்று செமென்சா முன்பே சொல்லியிருந்தார். 1960 நவம்பரில் ஏறக்குறைய 2 கி.மீ. நீள விரிசல் வேறு. நகரும் பாறை 20 கோடி கன மீட்டர் என்று 1961இல் முல்லர் கணக்கிட்டார்.

என் சண்டை, அதற்குப் பிறகு செய்த 1:200 நீரியல் மாதிரிச் சோதனையோடுதான். அதில் எடுத்துக்கொண்டது 4 கோடி கன மீட்டர் மட்டுமே. பாறைக்குப் பதில் சரளைக்கல். சரளை உதிர்ந்து உதிர்ந்து விழும். 200 மீட்டருக்கு மேல் தடிமனான பாறை ஒரே பாளமாக வந்தால் அப்படியா விழும்? வேகத்தைத்தான் சோதித்திருக்க வேண்டும். அதை அனுமானமாக உள்ளேயே வைத்துவிட்டார்கள். (பாதுகாப்புக் காரணியும் அப்படித்தான்: சரியுமா என்று சொல்லும், எவ்வளவு வேகத்தில் என்று சொல்லாது.) நீர்மட்டம் 700 மீட்டர் என்றால் ஆபத்தில்லை என்று முடிவு வந்தது.

1963 அக்டோபர் 9 இரவு, மட்டத்தைக் குறைத்துக் குறைத்து அந்த 700க்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் 27 கோடி கன மீட்டர் இறங்கியது. கீழே லோங்கரோனேயிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஏறக்குறைய 2000 பேர் இறந்தார்கள்.