கிணற்றடியில் ஓர் ஆய்வுகூடம்

நெடுந்தீவில் உயர்தர வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை ஊர்க் கிணறுகளின் உப்பை அளந்ததைக் கூடவே நின்று பார்த்தவன் நான். பாடசாலைப் படிப்பில் இதைவிடப் பெரிய சந்தோஷத்தை நான் கண்டதேயில்லை!

கேள்வி முழுக்க அவளுடையது. "மாரி முடிஞ்சா இனிக்கும் பிள்ளை, ஆவணியில வாயில வைக்கேலாது" என்று அம்மம்மா சொல்லும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஏன் மாறுகிறது? பக்கத்து வளவு, கோவிலடி, கடற்கரை என்று போத்தல் போத்தலாக அள்ளிவந்தாள். திகதி, இடம், கடைசியாக எப்போது இறைத்தது என்பதையெல்லாம் எழுதி ஒட்டினாள். பிறகு நியமிப்பு. பொற்றாசியம் குரோமேற்று இட்டு மஞ்சளான தண்ணீரில் அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்று சொட்டுச் சொட்டாக விழ, வெண்ணிற வீழ்படிவு திரளும். உப்பிலுள்ள குளோரைட்டு தீர்ந்ததும் ஒரு செங்கபில நிறம் தோன்றி, கலக்கினாலும் போகாமல் நிற்கும். பரீட்சைக்காக நியமிப்புச் செய்யும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நிறம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள் ஒருத்திதான்.

கடலோரக் கிணறுதான் கூடக் கரிக்கும் என்று நினைத்திருந்தாள். கரையிலிருந்து தள்ளி, மோட்டர் பூட்டி இறைக்கும் கிணறு அதை மிஞ்சிவிட்டது! திரும்ப அளந்தாள். அதே விடை. அன்று அவள் வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் நின்றாள், எனக்கும் அப்படித்தான்.

காரணம் தீவின் அடியில் இருக்கிறது. சுண்ணக்கல்லினூடாக இறங்கும் மழைநீர் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீருக்கு ஏறத்தாழ 1.025. இந்தச் சிறிய வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நிற்கும். இறைத்து இறைத்து மேலே 1 அடியைக் குறைத்தால், கீழேயிருந்து உப்புநீர் 40 அடி ஏறப் பார்க்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதைக் கணக்கிட்டவர் கைபன் என்ற ஒல்லாந்துக்காரர். நெடுந்தீவுக்குத் தங்கள் ஊரான டெல்ஃப்ட்டின் பெயரை வைத்தவர்களும் ஒல்லாந்தர்தானே!

தீவகத்தில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள் கோடையில் எந்தத் தண்ணீரைத் தேடிப் போகின்றன? ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரம் ஆண்டுக்கு எவ்வளவு பருக்கிறது? கலைப்பிரிவுப் பிள்ளைக்கு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டே காத்திருக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்கிறது அது. 12ஆம் நூற்றாண்டில் இந்தக் கடலில் யார் யார் வந்து போனார்கள்? தமிழாராய்ச்சியை உலக அரங்குக்குக் கொண்டுபோன தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்ததும் ஊர்காவற்றுறைக் கரம்பனில்தான்.

இப்படியான ஆய்வுகளுக்கு மேடையும் உண்டு. இலங்கை விஞ்ஞான, பொறியியல் கண்காட்சியில் தெரிவாகும் மாணவர்கள், 1950இல் தொடங்கி அமெரிக்காவில் நடந்துவரும் சர்வதேசக் கண்காட்சிக்குப் போகிறார்கள். குறிகட்டுவானில் வள்ளம் ஏறும் பிள்ளையும் அங்கே போகலாம்.

ஆசிரியர்களே, பிள்ளை கேட்கும் கேள்வியைப் "பரீட்சைக்கு வராது" என்று தள்ளிவிடாதீர்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கத்தாரே, பாடசாலைக்கு என்ன செய்யலாம் என்று அடுத்த முறை கூடிப் பேசும்போது தண்ணீரின் உப்பை அளக்க ஒரு மின்கடத்துதிறன் மானியும் ஒரு போத்தல் வெள்ளி நைத்திரேற்றும் வாங்கி அனுப்புங்கள்.